ஆறாம் நாள் டப்பா

அத்தியாயம் 14

காலை ஆறு மணிக்கு முன்னால் இளமாறனை நின்ற நிலையில் யாராவது பார்த்துவிட்டால், நைனார்பாளையத்தில் அவன் தெருக்காரர்கள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போக மாட்டார்கள். அன்றைக்கு நாலு பேர் விசாரித்தார்கள். நாலு பேருக்கும் ஒரே பதில்தான்.

"உளுந்தூர்பேட்டைக்கு லோடு போவுதுங்க. அறுநூறு பாக்கெட்டு!"

நண்பன் தமிழழகனிடம் இரவல் வாங்கிய சின்னச் சரக்கு வண்டியை, ஊரே குட்டி யானை என்று கூப்பிடும் வண்டியை, கொட்டகை வாசலில் நிறுத்தி அட்டைப் பெட்டிகளை அடுக்கி முடித்திருந்தான். மேலே தார்ப்பாய் கட்டி, கடைசி முடிச்சையும் போட்டுவிட்டு, வண்டி தெரிகிற மாதிரி நின்று தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அந்த அறுநூறு பாக்கெட்டின் கதை, வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. பாரதி இளமாறனின் அக்கா. களமருதூரில் வாழ்க்கைப்பட்டு ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். ஒன்பது வருஷம் ஜவ்வரிசி ஆலையில் கூலிக்கு நின்றாள். ஆலையை மூடியதும், கல்வராயன் மலையிலிருந்து சாமை வாங்கி முறுக்கு சுட ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை பார்த்த தம்பி, அதைப் பேசிப் பேசியே டீக்கடைகளில் விற்றுக் கொடுத்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையையும் உதறிவிட்டு முழுநேரமாக இறங்கிவிட்டான். பாக்கெட்டுக்கு லேபிள் அச்சடித்ததும் அவன்தான். அதில் கொட்டை எழுத்தில் 'உரிமையாளர்: பொ. இளமாறன்' என்று போட்டான். பாரதி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுத்து நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கார்த்திகை மாதம். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் சென்னையிலிருந்து வரிசை கட்டி இறங்குகிற நேரம். உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி மூன்று ஓட்டல் வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ், மாதிரிக்குக் கொடுத்த முறுக்கை ருசி பார்த்து, சீசனுக்கு அறுநூறு கேட்டிருந்தார். இது ஓடினால் வருஷம் பூராவும் மூன்று கடையிலும் இடம் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்துவிட்டால் கொட்டகை தொழிற்கூடம் ஆகிவிடும். கரும்பு வெட்டப் போயிருக்கும் அப்பா பொன்னுரங்கம், இனிமேல் போக வேண்டியதில்லை.

"அம்மா, கெளம்பறேன். விபூதி எங்க?" என்று கொட்டகைக்குள் தலையை நீட்டினான் இளமாறன்.

உள்ளே அம்மா தைலம்மாள் விபூதித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவள் பார்வை மகன் பக்கம் இல்லை. மூலையில் குந்தியிருந்த பாரதியின் பக்கம் இருந்தது. பாரதியின் மடியில் அந்தத் தகர டப்பா.

பாரதிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஈடு சுடும்போதும் ஒரு பாக்கெட்டைத் தனியே எடுத்து அந்த டப்பாவில் போட்டு, மூடியில் சாக்பீஸால் தேதி எழுதிவிடுவாள். ஆறாம் நாள்தான் பிரிப்பாள். வாங்கிப் போனவர்கள் வீட்டில் ஆறு நாள் கழித்து அது எப்படி இருக்குமோ, அப்படி நாமும் ஒரு தடவை தின்று பார்க்க வேண்டாமா என்பாள். இளமாறன் அதற்கு 'சந்தேக டப்பா' என்று பேர் வைத்திருந்தான். இந்த லோடின் முதல் ஈட்டுக்கு அன்றைக்கு ஆறாம் நாள்.

"வண்டியிலேருந்து எறக்குடா" என்றாள் பாரதி.

"எத்த?"

"எல்லாத்தையும். சிக்கு வாடை வருது."

இளமாறன் சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான். இரண்டாவதையும் கடித்தான். "சூப்பரா இருக்குதுக்கா. ஆர்டர் பெருசுன்னதும் உனக்குப் பயம் வந்துட்டுது. அதான் மூக்குல வாடையா வருது."

"முழுங்கிட்டு சும்மா நில்லு. தொண்டையில நிக்குதா, இல்லையா?"

நின்றான். நின்றது. லேசாகத்தான். பழைய எண்ணெயை நாக்கில் தடவின மாதிரி ஒன்று அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் குடித்து அதைக் கழுவிவிட்டான்.

"ஒண்ணும் நிக்கலியே."

தைலம்மாள் விபூதித் தட்டைக் கீழே வைத்தாள். ஆறு நாள் அடுப்படியில் வெந்தவள் அவள். "ஏண்டி, லேசாதாண்டி அடிக்குது. சளி பிடிச்சவன் எவனாச்சும் வாங்கினா அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"ஊருல எல்லாருக்குமாம்மா சளி பிடிச்சிருக்கும்?" என்றாள் பாரதி. பிறகு தம்பியைப் பார்த்தாள். "எண்ணெய் நல்ல எண்ணெய். உளுந்தும் அதே உளுந்து. சாமைதான் புதுசு. காயாத சாமை எண்ணெயக் குடிக்கும், ஆறு நாள்ல கக்கும். மலையில பண்டிகை முடிஞ்சுதான எறக்கின?"

"ஆமாக்கா. அன்னிக்கே சொன்னேனே."

சொன்னது பொய். 

விஷயம் இதுதான். மலையில் தர்மன் என்று ஒரு குடியானவர். பாரதிக்குத் தொடக்கத்திலிருந்து சாமை கொடுப்பவர். அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. புதுச் சாமையில் ஊர் கூடிச் சாமிக்குப் பொங்கல் வைக்கும் வரைக்கும், ஒரு மரக்கால்கூட மலையை விட்டு இறங்கக் கூடாது. எந்த நாள் என்று பெரியவர்கள் கூடிக் குறிப்பார்கள். ஒரு வருஷம் கார்த்திகையில் வரும், ஒரு வருஷம் தை ஆகிவிடும். இந்த வருஷம் தை. தை வரை காத்திருந்தால் சீசன் போய்விடும். இளமாறன் மலையேறிப் போய் தர்மன் வீட்டில் அரை நாள் உட்கார்ந்து பேசினான். சாமிக்கு ஒரு படி தனியாக எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டால் சாமிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன குற்றம் என்று கேட்டான். வேண்டாம் என்ற தர்மன் கடைசியில் ஒரு படியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். மரவள்ளிக் கிழங்கு லோடுக்கு அடியில் மறைத்து ஏழு மூட்டை சாமை மலையிலிருந்து இறங்கியது.

அதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பண்டிகை வரைக்கும் சாமை பரணில் கிடந்து காய்கிறது என்பதை அவன் யோசிக்கவே இல்லை.

"போன் போட்டுச் சொல்லிடட்டுமா?" என்றான் மெதுவாக.

"போன்ல சொல்ற விஷயமாடா இது? மொகத்தப் பாத்துச் சொல்லணும். போன வருஷச் சாமையில சுட்டது நாப்பத்திரெண்டு பாக்கெட்டு இருக்குது. அத்தக் குடுப்போம். நானும் வர்றேன்."

பாரதி புடவை மாற்றப் போனாள். இளமாறன் வண்டியில் இருந்ததை இறக்கவில்லை. அங்கே போய்ப் பேசிப் பார்க்கலாம், பேச்சில் எத்தனையோ நடக்கும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. திரும்பி வந்த பாரதி தார்ப்பாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பாக்கெட் அடங்கிய கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பும்போது கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த தாள் இளமாறனின் கண்ணில் பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழில் தொடங்குவோருக்குக் கள்ளக்குறிச்சியில் பத்து நாள் பயிற்சி நடந்தது. அக்காவும் தம்பியும் போனார்கள். அங்கே ரம்யா மேடம் என்று ஒருவர், இருபது கேள்வி உள்ள ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்தார். தொழில் செய்யப் பிறந்தவர்களின் குணம் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள், உண்மையாக டிக் அடியுங்கள் என்றார். புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன். துணிந்து இறங்குவேன். எப்போதும் நம்பிக்கையோடு இருப்பேன். தோல்வி என்னைப் பாதிக்காது. இப்படிப் போகும். இளமாறனுக்கு இருபதில் பத்தொன்பது! விடியற்காலையில் எழுவேன் என்பதற்கு மட்டும் டிக் இல்லை. வகுப்பே கை தட்டியது. அந்தத் தாளைத்தான் கொண்டுவந்து சுவரில் ஒட்டினான்.

பாரதிக்கு ஏழு. டிக் அடிக்காத இடங்களில் அவள் ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தாள். 'தோல்வி என்னைப் பாதிக்காது' என்பதற்குப் பக்கத்தில், 'பாதிக்கும். ரெண்டு நாள் சோறு இறங்காது.' 'எப்போதும் நம்பிக்கையோடு இருப்பேன்' என்பதற்குப் பக்கத்தில், 'டப்பாவைத் திறந்து பார்த்த பிறகு.' இளமாறன் அதை வாங்கிப் படித்துவிட்டு வீடு வரும்வரை சிரித்தான். "நீ முறுக்கு மட்டும் சுடுக்கா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். பாரதியும் சிரித்தாள்.

கள்ளக்குறிச்சி தாண்டி, தியாகதுருகம் தாண்டி, கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனது வண்டி. வழியெல்லாம் இளமாறன் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தான். ஜெயப்பிரகாஷிடம் எப்படி ஆரம்பிப்பது, எங்கே சிரிப்பது, எந்த இடத்தில் அக்காவைக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது. அவன் கணக்குப்படி பத்து நிமிஷப் பேச்சில் சரியாகிவிடும்.  நடுவில் ஒரு தடவை பாரதி, "தண்ணி இருக்குதா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஓட்டல் வாசலில் ஏழெட்டு வேன்கள் நின்றன. கறுப்பு வேட்டியும் மாலையுமாகக் கூட்டம் டீக்கும் டிபனுக்கும் முண்டியடித்தது. அந்த மாதத்தில் ஜெயப்பிரகாஷுக்கு உலகத்தில் எல்லாருமே சாமிதான்.

"வாங்க சாமி! பத்து மணின்னு சொன்னீங்க, ஒம்போதுக்கே வந்துட்டீங்க. இத்தப் பாருங்க, உங்களுக்குன்னு இன்னா பண்ணி வெச்சிருக்கேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து, துடைத்து, புதுசாக மஞ்சள் காகிதம் விரித்து வைத்திருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கிற இடம். அதைப் பார்த்ததும் இளமாறனுக்கு ஆசை பொங்கியது. பேச வாயைத் திறந்தான்.

"அண்ணே, சரக்கு சரியில்லைங்க" என்றாள் பாரதி.

அவன் யோசித்து வைத்திருந்த பத்து நிமிஷமும் அதோடு போயிற்று.

"இன்னா சாமி சொல்ற?"

பாரதி டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்த முறுக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர் மோந்து பார்த்தார். கடித்தார். "நல்லாத்தான இருக்குது?"

"மொத கடியில தெரியாதுங்க. முழுங்கிட்டுக் கொஞ்சம் நில்லுங்க."

நின்றார். முகம் லேசாகச் சுளித்தது. "சரி, அடியில நிக்குது. ஏன் இப்டி?"

"சாமை ஈரங்க. நான் வாங்கறப்பவே கவனிச்சிருக்கணும். தப்பு எங்க மேலதான். காஞ்ச சாமையில சுட்டது நாப்பத்திரெண்டு பாக்கெட்டு கொண்டாந்திருக்கேன். மிச்சத்துக்கு நீங்க டைம் குடுத்தா சுட்டுத் தர்றேன். இல்லைன்னா..." 

ஜெயப்பிரகாஷ் வாசலைப் பார்த்தார். இன்னும் இரண்டு வேன் வந்து நின்றன. அப்புறம் தோளைக் குலுக்கினார்.

"அட, இதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு இருக்கீங்க? இந்தக் கூட்டத்துல எவன் முழுங்கிட்டு நின்னு யோசிக்கப் போறான்? ரெண்டு நாள்ல தீந்துடும். எறக்குங்க சாமி."

எறக்குங்க! காலையிலிருந்து இளமாறன் கேட்கத் தவித்த வார்த்தை. வாங்குகிறவரே சரி என்ற பிறகு இனி யாருக்கு என்ன வழக்கு? குதிக்காத குறையாக ஓடிப்போய் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தான்.

"வாணாண்டா" என்றாள் பாரதி.

முடிச்சிலேயே அவன் கை நின்றது.

"அண்ணே, போறப்ப வாங்கறவங்க வேன்லயே துன்னுடுவாங்க, சரி. திரும்பி வர்றப்பதான் ஜாஸ்தி வாங்குவாங்க, வூட்ல புள்ளைங்களுக்குன்னு. பிரிக்க நாலு நாள் ஆவும். அன்னிக்கு வாயில வெச்சதும் பாக்கெட்ட திருப்பிப் பாப்பாங்க. எங்க பேரு இருக்கும். எங்க வாங்கினோம்னு யோசிப்பாங்க. உங்க கடை பேரு வரும்."

"எனக்கே வியாபாரம் சொல்லித் தர்றியா?" ஜெயப்பிரகாஷின் குரலில் சாமி போய்விட்டார். ஒரு பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படித்தார். "பொ. இளமாறன். யாரு, நீதான தம்பி? நீதான ஓனரு? இந்தப் பொண்ணு பயப்படுது. நீ சொல்லு. எறக்கினா இன்னிக்கே தட்டுல அடுக்கறேன், வருஷம் பூரா எடம் உனக்கு. இல்லையா, சாயங்காலமே அங்க வேற சரக்கு ஏறிடும். அப்பறம் நீ வாசல்ல வந்து நின்னாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

'நான்தான்' என்று ஒரு வார்த்தை. இரண்டு மாதமாக அவன் வாயில் தேய்ந்து போன வார்த்தை அது. டீக்கடையில் சொல்லியிருக்கிறான், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறான், பயிற்சி வகுப்பில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான். முறுக்கு யாருது? நான்தான். ஓனர் யாரு? நான்தான். இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பிரித்த பாக்கெட்டின் வாயை மடித்து மூடிக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை. இன்னொரு தடவை மடித்தாள், பிரிந்தது. மறுபடி மடித்தாள்.

இவளுக்குப் பயம் என்று அந்த மனுஷன் சொன்னது சரிதான் என்று இளமாறனுக்குத் தோன்றியது. பயத்தில் தொண்டை காய்ந்துதான் வழியில் தண்ணீர் கேட்டிருக்கிறாள். இன்றைக்கும் நாளைக்கும் இவளுக்குச் சோறு இறங்காது. அப்படியும் அறுபது கிலோமீட்டர் வந்து, தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். தனக்கு அந்தப் பயம் ஒரு நாளும் வந்ததில்லை. அது தைரியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். தோற்றால் வலிக்கிற இடத்தில் தன்னுடையது என்று அவன் எதையும் வைத்ததே இல்லை. செல்போன் கடையில் விற்றதும் அடுத்தவர் சரக்கு, இங்கே விற்றதும் அக்காவின் சரக்கு. இது புரிந்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

"அக்காதாங்க ஓனரு" என்றான். "லேபிள்ல நான்தான் தப்பா போட்டுட்டேன்."

பாரதி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

ஜெயப்பிரகாஷ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இறங்கவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. "இந்த சீசனுக்கு நீங்க இல்ல. அது முடிஞ்சு போச்சு. என் தட்டு காலியா இருக்க முடியாது." கட்டைப்பையைக் காட்டினார். "அந்த நாப்பத்திரெண்ட வெச்சிட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்தி, பில் புத்தகத்தைத் திருப்பினார். "உன் நம்பரச் சொல்லும்மா. அவனுது வாணாம். அவன் ஜாஸ்தி பேசறான்."

சாலைக்கு அந்தப்புறம் ஒரு புளியமரத்தடி டீக்கடை. இருவரும் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாரதி டீயைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலையே பார்த்தாள். அக்கா அழுதால்கூடப் பரவாயில்லை என்று இளமாறனுக்கு இருந்தது.

"அக்கா, பண்டிகை இன்னும் முடியல."

பாரதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தையிலதான். தர்மன் அண்ணன் வாணாம்னுதான் சொன்னாரு. நான்தான் பேசி எறக்கினேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

 அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மூட்டை வந்த அன்னிக்கு ரெண்டு மணிய வாயில போட்டுக் கடிச்சுப் பாத்தேண்டா. காஞ்ச சாமை கடுக்குனு ஒடையும். அது பல்லுல ஒட்டுச்சு. பண்டிகை முடிஞ்சிட்டுதுன்னு நீ சொன்ன. ஒன்பது வருஷம் ஆலையில மாவு பாத்தவ, என் பல்ல நம்பாம உன் வாய நம்பினேன். அந்தாள்கிட்ட தப்பு எங்க மேலன்னு சொன்னனே, சும்மா சொல்லல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. இளமாறன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவன் துடைப்பதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. மலை நம்பர். தர்மனின் மகன் கலைவாணன்.

"அண்ணே, ஊர்ல தெரிஞ்சு போச்சுண்ணே. கீழ அரைக்கிற மில்லுல நம்ம சாமைய யாரோ பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்க." காற்றில் குரல் வெட்டி வெட்டி வந்தது. இளமாறன் ஸ்பீக்கரைப் போட்டான். "அப்பாவைக் கோயிலாண்ட நிக்க வெச்சிருக்காங்க. காத்தாலேருந்து நிக்கறாரு. கீழேருந்து வந்து கேட்டது யாருன்னு பெரியவங்க கேக்கறாங்க. அப்பா வாயே தொறக்கல."

"ஏன் கலை? சொல்லிட்டுப் போறதுதான?"

"உங்க பேரச் சொன்னா மலையில எந்த ஊர்லயும் உங்களுக்கு இனிமே ஒரு படி போட மாட்டாங்கண்ணே. பாரதி அக்கா பொழப்பு போயிடுமேன்னு பாக்கறாரு. நீங்க வேற ஏதாச்சும் ஒரு வியாபாரி பேரச் சொல்லுங்க. நான் அந்தப் பேரச் சொல்லிடறேன். இவர விட்ருவாங்க."

பேருக்கா பஞ்சம்? சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் அவனுக்குத் தெரியாத வியாபாரி இல்லை. நாலு பேர் உடனே நினைவில் வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் மலைக்கு வருவதையே நிறுத்திவிட்டவன். யாருக்கும் நஷ்டமில்லை.

அக்காவைப் பார்த்தான். சாமை போனால் எல்லாமே போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும்.  ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலை, பெரியவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே."

"போன அவங்ககிட்ட குடு."

காற்றின் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு ஒரு கனத்த குரல், "யாருப்பா அது?" என்றது.

"நான்தாங்க" என்றான் இளமாறன். "நைனார்பாளையம் பொன்னுரங்கம் மவன் இளமாறன். பண்டிகைக்கு முன்னாடி சாமைய எறக்கினது நான்தான். அவர் வாணாம்னுதான் சொன்னாரு. அவர உக்கார வைங்க. நான் கெளம்பி வர்றேன்."

 லைன் அறுந்துவிட்டது.

பாரதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். "வூட்டு வழியா வுடு. அரைக்காத மூட்டை ரெண்டு இருக்குது. அதையும் திருப்பிக் குடுக்க ஏத்திக்கினு போவலாம்."

"போவலாமா? நீ எதுக்குக்கா? அங்க இன்னா சொல்லுவாங்களோ, எப்படிப் பேசுவாங்களோ."

"ஓனருன்னு நீதானடா சொன்ன. அப்பறம் வராம எப்படி?"

அவள் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். இளமாறன் தார்ப்பாய்க் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் இருந்த அறுநூறு பாக்கெட்டிலும் அவன் பேர்தான் இருந்தது.